நல்ல நோயாளி

பேஷண்ட் அக்கா என்று கேட்டால் போதும், அந்தத் தெருவில் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். இத்தனைக்கும் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தது மகள் பிறந்தபோது ஒரே ஒரு தடவைதான். காய்ச்சல்கூட அவளிடம் வந்து தங்கியதில்லை. ஒல்லி உடம்பு. பலமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது தேடவேண்டும் என்று அவள் கணவர் கிண்டல் செய்வார்.

தீயணைப்பு நிலையத்தின் மதிலை ஒட்டி அவளுக்கு ஒரு சின்னத் தையல் கடை. புதுத்துணி தைப்பதில்லை. இறுக்கிப் பிடிப்பது, தளர்த்துவது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். நிலையத்து ஆட்கள் எல்லோருடைய இடுப்பளவும் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் காலையில் அவர்களில் ஒருவர் கடைக்குள் தலையை நீட்டி, "அம்மா, கொஞ்ச நேரம் வந்து படுக்க முடியுமா?" என்று கேட்டார். பேண்ட் வாங்க வந்திருந்தவர் திடுக்கிட்டுப் போனார். அவள் மட்டும் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எங்க?" என்றாள்.

"ரோட்டுலதான். ஒத்திகை நடக்குது. காயம்பட்டவரா நடிக்க வேண்டிய ஆளு வரல."

அப்படித் தொடங்கியது. அதற்குப் பிறகு தீ என்றாலும், நிலநடுக்கம் என்றாலும், ரசாயன லாரி கவிழ்ந்தது என்றாலும் ஊருக்கு அவள்தான் காயம்பட்டவள். அவளும் ஏனோதானோ என்று செய்யவில்லை. பழைய பேண்ட் கால் ஒன்றைக் கிழித்து, உள்ளே சிவப்புச் சாட்டின் துணி வைத்து, பட்டன் போட்டு மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு காயமே தைத்து வைத்திருந்தாள். கால் முறிவுக்கு ஒரு முனகல், தீப்புண்ணுக்கு ஒரு முனகல், மூச்சுத் திணறலுக்கு வேறு. "கொஞ்சம் கம்மியா முனகும்மா, மைக்ல நான் பேசுறது யாருக்கும் கேக்கல" என்று நகராட்சியின் பேரிடர் அலுவலர் ஒருமுறை கெஞ்சவேண்டி வந்தது.

தொற்றுக் காய்ச்சல் ஒத்திகை வந்தபோது கூடாரத்தில் உட்காரவைத்து, கவச உடை போட்ட நர்ஸ் கேள்வி கேட்டார். எங்கெல்லாம் போனீங்க, யார் யாரைப் பார்த்தீங்க. அவள் கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னாள். சந்தை, பஸ், தங்கச்சி வீடு, திரும்ப பஸ். உண்மையான நோயாளி இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டான் என்று அந்த நர்ஸுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ஒத்திகை சீக்கிரம் முடிந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது "கையை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு ஆடாமப் படுங்க" என்பார்கள். அவள் ஆடமாட்டாள். தெருத் தொண்டர் குழுவுக்குத் தலைவரான பெயிண்டர், பூக்கூடையைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டே அவள் கண்ணை மூடிக்கொண்டு மயக்கமாகக் கிடப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணவர் கேட்பார்.

"இன்னிக்கு எதுல செத்த?"

"சாகல. இடுப்பெலும்பு முறிவு."

"அப்ப தோசைக்கு மாவு கரைக்கலாம்ல?"

அவர் பஸ் டிரைவர். ஆறடிக்குக் குறையாத உயரம், அதற்கேற்ற பருமன். அவர் ஓட்டுகிற பஸ்ஸின் ஸ்டீயரிங்கை இன்னொருவர் தொட்டால் அவருக்கு ஆகாது. ஷெட்டில் வண்டியை ஒதுக்கி நிறுத்துவதற்குக்கூட அடுத்தவரிடம் விடமாட்டார். வேறொருவர் ஓட்டும் பஸ்ஸில் போக நேர்ந்தால் உட்காராமல் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, திருப்பம் வரும்போதெல்லாம் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். மகள் கல்யாணத்துக்கு வாடகை வேனில் போனபோது அந்த வேன் டிரைவர் பாதி வழியில் கும்பிடு போட்டு, "நீங்களே ஓட்டிடுங்க சார்" என்று இறங்கிவிட்டான்.

ஓய்வுபெற்ற அடுத்த வருடமே பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது. பேச்சு திரும்பிவிட்டது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதற்கு மேல் முடியாது. மீதி நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிற வண்டிகளின் தவறுகளைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வெளியூரில் இருக்கிற மகள் ஃபோன் செய்யும்போதெல்லாம், "கீழ் வீட்டுக்கு மாறிடுங்கம்மா" என்பாள். கீழ் வீட்டில் மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் முழங்காலளவு நிற்கும். சரி, மேலேயே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பின்தெருவில் ஒரு கட்டிடம், அஸ்திவாரத்தில் தண்ணீர் தேங்கி, வெள்ளம் வடிகிற நேரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து நகராட்சியின் உத்தரவு: சங்கு ஊதினால் எந்த மாடியாக இருந்தாலும் எல்லோரும் இறங்கி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

எல்லோரும் என்றால் அவரும்தான். அதை யாரும் அதுவரை யோசிக்கவில்லை, அவள் உட்பட. வருடக்கணக்காக ஊருக்காக அடிபட்டுக்கொண்டிருந்தவள் தன் வீட்டுப் படியை ஒரு தடவையும் எண்ணிப் பார்க்கவில்லை.

யோசிக்க வைத்தது ஒரு கேஸ் சிலிண்டர். ஒரு மத்தியானம் கீழ் வீட்டில் கசிந்து, படிக்கட்டு முழுக்க வாடை ஏறிவிட்டது. சங்கு ஊதியது. பழகிய கட்டிடம்தானே, எல்லோரும் ஒழுங்காக இறங்கித் தெருமுனையில் கூடினார்கள். பெயிண்டர் தன் ஆட்களோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார். அவள் கடையிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது கட்டிடத்து ஆட்கள் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். கணவரைக் காணோம்.

போகவேண்டாம் என்று கத்தியவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படியேறினாள். இரண்டாவது மாடிக்கு மேலே, படி திரும்புகிற இடத்தில், அவர் வெறும் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ரெச்சர் அந்த வளைவில் திரும்பாமல் சுவருக்கும் கம்பிக்கும் நடுவே குறுக்கே சிக்கிக் கிடந்தது. அவருடைய வலது கை கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தது. மூன்று பேர் சேர்ந்து விரல்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வரவில்லை. பெயிண்டர் தன் தொப்பியால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் ஓடிப்போகவில்லை, அதைச் சொல்லவேண்டும்.

நல்லவேளை, தீயணைப்புக்காரர்கள் சிலிண்டரை மூடிவிட்டார்கள். வாடையும் கலைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றார் பெயிண்டர். கண் கலங்கியிருந்தது. "உங்களைத் தூக்குற மாதிரியேதான் தூக்கினோம். வரல."

அந்த வார்த்தை அவளை அறைந்தது. உங்களைத் தூக்குற மாதிரி. இத்தனை வருடமாக இவர்கள் பழகியது அவளைத்தான். சமதளத்தில், வெட்டவெளியில், ஒரு பூக்கூடையை, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆடாமல் படுத்திருக்கிற ஒருத்தியை. எவன் அப்படிப் படுப்பான்? பயந்தவன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே செய்வான்? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெயிண்டர் மேல் அல்ல. அந்தச் சாட்டின் துணிக் காயத்தை எடுத்து அடுப்பில் போடலாம் போலிருந்தது.

மறுநாள் கடையைத் திறக்காமல் நகராட்சிக்குப் போனாள்.

பேரிடர் அலுவலர் கெட்ட மனிதர் அல்ல. தொப்பையும் மூச்சிரைப்பும் உள்ள, வேலையில் அக்கறையுள்ள ஆள். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டார்.

"அடுத்த ஒத்திகை எங்க படிக்கட்டுல நடக்கணும் சார். என்னைத் தூக்கவேண்டாம். அவரைத் தூக்கணும்."

"அடுத்த ஒத்திகைக்குத் தலைமையகத்துலேர்ந்து மதிப்பீட்டுக் குழு வருதும்மா. கையில ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு நிப்பாங்க."

"நிக்கட்டும்."

"அவர் விழுந்து மண்டை உடைஞ்சா?"

"வெள்ளத்துல அங்கயே உக்காந்திருந்தா?"

அலுவலர் டீயைக் கீழே வைத்தார். "ஒத்திகையில ஒருத்தருக்கு நிஜமா அடிபட்டா, ஒத்திகை நடத்துறதையே நிறுத்திடுவாங்க. அப்புறம் இந்த ஊருக்கு இதுவும் இருக்காது. நான் பயப்படுறது என் வேலைக்காக மட்டும் இல்ல, புரிஞ்சுக்கோங்க."

அதில் நியாயம் இருந்தது. அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "பழகினா அடிபடாது சார்" என்றாள்.

"சரி, பழகிட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

ஆளை அனுப்பிவைக்க ஆபீஸ்களில் சொல்கிற வார்த்தை அது. அவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

பெயிண்டருக்கு அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் படி வளைவு அவருடைய மண்டையையும் குடைந்துகொண்டுதான் இருந்தது. ஸ்ட்ரெச்சர் வேண்டாம், நாற்காலி என்று முடிவு செய்தார்கள். கைவைத்த மரநாற்காலி ஒன்றைப் பிடித்து, முன்கால்களில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக இரண்டு குறுக்குக் கட்டைகளை அவர் அறைந்தார். அவள் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, கூடாரத் துணியை மடித்து மடித்துப் பட்டை தைத்தாள். மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. அவளுடைய தையல் மெஷின் அதுவரை அப்படி அலறியதில்லை. பிறகு கணவரின் எடைக்கு மணல் மூட்டைகளைக் கட்டி நாற்காலியில் உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் இறக்கிப் பழகினார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் கீழே முன்கட்டையைப் பிடிப்பார், பெயிண்டர் மேலே முதுகுக் கட்டையை. மாற்றுக்கு இன்னும் இரண்டு பேர். அவள் ஒவ்வொரு படியாக முன்னால் இறங்கிக்கொண்டே, "நில்லு, ஆங், இப்ப விடு" என்று சொல்லுவாள். அதுவரை மயக்கமாகவே கிடந்தவள் வாயைத் திறந்ததில் தொண்டர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான்.

தடால், தடால் என்று மூட்டை இடிபடும் சத்தம் மேலே கேட்கும். கணவர் இரண்டு வாரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"அந்த மூட்டை நான்தானா?"

"ஆமா."

"மூணு தடவை சுவத்துல இடிச்சீங்க."

"மூட்டை ஒண்ணும் சொல்லல."

"மூட்டை சொல்லாது. நான் சொல்லுவேன்." தட்டைத் தள்ளினார். "என்னால முடியாது. நாலு பேர் தூக்கிட்டு இறங்குறதுக்கு நான் இன்னும் சாகல."

அவள் சாதாரணமாக அவரிடம் வாய் கொடுத்து ஜெயிப்பவள். அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நல்லாக் கேளுங்க. தண்ணி வந்து சங்கு ஊதினா, நீங்க இறங்காம நான் இறங்கமாட்டேன். அது எனக்கு நல்லாத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதனால உங்களுக்காகக் கேக்கல. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசைப்படுறேன். எனக்காகக் கேக்குறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஏதோ ஒரு ஆட்டோ சிக்னல் போடாமல் திரும்பியது. திட்டவில்லை.

மறுநாள் காலையில், "எங்க அந்த நாற்காலி? கொண்டாரச் சொல்லு" என்றார். கொண்டுவந்தார்கள். வலது கையால் அதன் ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்த்தார், பஸ்ஸை எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பாரே அந்த மாதிரி. பட்டையை இழுத்துப் பார்த்தார். "தையல் பரவால்ல" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் தொழிலைப்பற்றி அவர் சொன்ன முதல் பாராட்டு அது.

"எந்தப் பக்கம் பார்த்து உக்காரணும்?"

"முன்பக்கம் பார்த்துதாண்ணே" என்றார் பெயிண்டர். "பாதை உங்களுக்குத் தெரியும்."

"அப்ப சரி."

முதல் நாள் மூன்றாவது மாடியிலிருந்து அரைப் படிக்கட்டு நன்றாகவே இறங்கியது. வளைவு வந்தது. நாற்காலி திரும்பியது. அந்த நொடியில் அவருடைய வலது கை தானாகப் பறந்துபோய்க் கம்பியைப் பிடித்தது. ஒரு பக்கம் நின்றுபோக மறுபக்கம் சுழன்று, தண்ணீர் கேன்காரரின் விரல் சுவரில் நசுங்கியது. நாற்காலியைத் தரையில் வைத்து, எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். கேன்காரர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

கணவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பிடிக்கல" என்றார். "கை பிடிக்குது."

முப்பது வருடம் திருப்பத்தில் இறுகிப் பழகிய கை. அதற்கு யார் புத்தி சொல்வது? துண்டைக் கொடுத்தார்கள், வளைவு வந்ததும் துண்டு கீழே, கை கம்பியில். பையைக் கொடுத்தார்கள், அதே கதை. அவளே தன் கையைக் கொடுத்துப் பார்த்தாள். அதை மட்டும் விடவில்லை. ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நடக்கப் படியில் இடமில்லை, சுவரோடு தேய்த்து முழங்கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம். கையையும் சேர்த்துக் கட்டிவிடலாமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"அவர் என்ன குத்தவாளியா? கையக் கட்டக்கூடாது" என்றாள். அவள் சொன்ன விதத்தில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வாரம் பெயிண்டருக்கு ஒரு வண்டிப் பட்டறையில் வேலை. அங்கே பழைய இரும்பு கிடக்கிற மூலையில் ஒரு ஸ்டீயரிங் கிடந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டு வாங்கினாராம். அதைச் சாக்கில் சுற்றி மாடிக்குக் கொண்டுவந்து, அவர் மடியில் வைக்கத் தைரியமில்லாமல் அவளிடம் கொடுத்தார்.

கணவர் பார்த்தார். முகம் சிவந்தது. "என்ன இது? நான் என்ன குழந்தையா, பொம்மை கொடுத்து ஏமாத்த?"

அவள் அதை அவர் மடியில் வைத்தாள்.

"இது வேனோடது" என்றார் எரிச்சலாக. "நான் பஸ்."

"பஸ்ஸோடது இந்தப் படியில திரும்பாது" என்றாள் அவள்.

கை அதற்குள் வட்டத்தின் மேல் விழுந்து, விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. தூக்கினார்கள். இறங்கினார்கள். வளைவு வந்தது. அவர் ஸ்டீயரிங்கைச் சரியாக வளைவின் பக்கம் ஒடித்தார், நாற்காலியே அதற்குக் கட்டுப்பட்டுத் திரும்புகிற மாதிரி. கம்பி அவர் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்தில் போனது. கை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரிப்பு வரக்கூடிய விஷயம்தான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கீழே தெருவில் நாற்காலியை வைத்தபோது, நோய் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் வாசலில் இருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ரெண்டாவது மாடி வளைவுல வேகம் ஜாஸ்தி" என்றார்.

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம்தான். திரும்ப மேலே ஏற்றவேண்டிய வேலை இருந்தது.

மதிப்பீட்டுக் குழு வருகிற நாளில், அலுவலர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு அவளே அவரைப் போய் அழைத்துவந்தாள். "பழகிட்டோம் சார். வந்து பாருங்க." மூன்றாவது மாடி ஏறி வந்தவர் வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். நாற்காலியைப் பார்த்தார், பட்டைகளைப் பார்த்தார், ஸ்டீயரிங்கையும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கீழே குழு நிற்கிறது, இவ்வளவு பெரிய ரிஸ்க் எடுக்க முடியாது என்றார்.

"நீங்க ஒருதடவை உக்காந்து பாருங்க சார்" என்றார் கணவர், ஜன்னலோரத்திலிருந்து. "உங்க எடையும் கிட்டத்தட்ட நம்ம எடைதான்."

அலுவலர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் உட்கார்ந்தார். பட்டைகளை மாட்டினார்கள். ஸ்டீயரிங்கைக் கொடுத்தபோது வேண்டாம் என்று கைகாட்டிவிட்டார். கைகளை மடியில் கோத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தார், அவளே ஒரு காலத்தில் படுத்த மாதிரி. அரைப் படிக்கட்டு இறங்கி வளைவில் திரும்பினார்கள். நாற்காலி நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.

"நாங்க நிறுத்தல சார்" என்றார் பெயிண்டர்.

"நான் எதையும் பிடிக்கலையே" என்று சொல்லிக்கொண்டே அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது கம்பியில் இருந்தது. பிறகு மெதுவாக, "அந்த ஸ்டீயரிங்கைக் கொண்டாங்க" என்றார்.

அன்று குழுவின் முன்னால் இறங்கியது அவள் கணவர்தான். நேரம் நிறைய ஆயிற்று. ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். போன வருடம் இதே ஊரில் இதைவிடச் சீக்கிரமாக முடிந்ததே என்றார். அலுவலர் முன்னால் வந்து நின்றார். "போன வருஷம் நாங்க எடுத்தது பொய் நேரம் சார். நிஜ நேரம் இதுதான். இதை வச்சுத்தான் இனிமே சங்கு எப்ப ஊதணும்னு கணக்குப் பண்ணப்போறோம்" என்றார். அவள் கூட்டத்தின் பின்னால் நின்று அதைக் கேட்டாள். இத்தனை வருடம் நடித்ததில் அவளுக்குக் கைதட்டல் நிறையக் கிடைத்திருக்கிறது. அது எதுவும் இந்த வார்த்தை மாதிரி இனிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் ஒத்திகைக்குப் போனாள், ஆனால் கெட்ட நோயாளியாக. காய்ச்சல் கூடாரத்தில் கேள்வி புரியாதவளாகவும், போன இடத்தை மறைக்கிறவளாகவும் உட்கார்ந்து நர்ஸுகளின் உயிரை வாங்கினாள். தூக்க வந்தால் தூணைப் பிடித்துக்கொண்டாள். வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பையை எடுக்கவேண்டும் என்று பாதியில் திரும்பி ஓடினாள். "இந்தம்மா இப்படிப் பண்ணினா எப்பத்தான் முடிக்கிறது" என்று புதிதாக வந்த தொண்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்போது பெயிண்டர், "வெள்ளத்துல இவங்களைவிட மோசமானவங்க வருவாங்க, பொறுமையா இரு" என்பார்.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு உண்மையாகவே வந்தது. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, முன்பைவிட வெகு சீக்கிரமாகவே சங்கு ஊதினார்கள். தெருவில் தண்ணீர் அப்போது கணுக்காலளவுதான். அவள் மாத்திரைப் பையைத் தோளில் மாட்டி, அவருக்குச் சட்டை போட்டுவிட்டாள். பட்டனைத் துளையில் நுழைக்கவே முடியவில்லை. ஊருக்கெல்லாம் பட்டன் தைத்த விரல்கள்.

"பதறாத" என்றார் அவர். "வண்டி வருது."

படியில் பெயிண்டரின் குரல் கேட்டது. நாற்காலி, மார்புப் பட்டை, இடுப்புப் பட்டை, கால் பட்டை, மடியில் ஸ்டீயரிங். அவள் முன்னால் இறங்கினாள். நில்லு. ஆங். இப்ப விடு. முதல் வளைவு, அந்த மத்தியானம் அவர் உட்கார்ந்திருந்த அதே படி. அவர் ஒடித்தார். இரண்டாவது வளைவு. படி ஈரமாக இருந்தது. கேன்காரரின் கால் ஒருமுறை வழுக்கி நாற்காலி ஆடியது. அவள் கணவரின் கையைத்தான் பார்த்தாள். விரல்மூட்டுகள் வெளுக்க, கை ஸ்டீயரிங்கில் இருந்தது. கேன்காரர் காலை ஊன்றிக்கொண்டார். இறங்கினார்கள்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில், பெஞ்சுகளை ஒதுக்கிய ஒரு வகுப்பறையில் அவரைச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். பட்டைகளை அவிழ்த்து, அவரை இன்னொரு நாற்காலிக்கு மாற்றி, தூக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு ஆட்கள் திரும்ப ஓடினார்கள். ஸ்டீயரிங் மட்டும் அவர் மடியிலேயே இருந்துவிட்டது. அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சுற்றிலும் தெருவே உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வெட்கமாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் பெயிண்டர் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அண்ணே" என்றார். மேலே சொல்லத் தயங்கினார். "பின்தெருவுல ஒரு பெரியவர். வளைவுல கம்பியப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறார்."

அவள் தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள். அவர் தன் ஸ்டீயரிங்கைத் தன் கையால் இன்னொருவருக்குக் கொடுத்து அவள் பார்த்ததேயில்லை. அவர் மடியைக் குனிந்து பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒற்றைக் கையால் அதைத் தூக்கிப் பெயிண்டரிடம் நீட்டினார்.

"ரெண்டாவது வளைவுல ஈரம் இருக்கும்" என்றார். "அவரைப் பார்த்து ஓட்டச் சொல்லு."